காக்கா படம் போடக் கூடாது

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் பூவம்மாள் படியேறி வந்தபோது, தேவமணி டிடெக்டிவ் சர்வீஸ் கடும் பரபரப்பில் இருந்தது. அதாவது, தேவமணி பேப்பரில் ராயக்கோட்டை மார்க்கெட் தக்காளி விலையைப் படித்துக்கொண்டிருந்தார். உதவியாளர் நல்லுசாமி கீழே பேக்கரியில் வாங்கி வந்த பன்னை எத்தனை கடியில் முடிக்கலாம் என்று துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார்.

தேவமணிக்கு நாற்பத்தாறு வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்த பெண்மணி. மயிரிழை அளவு பிசகினாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை முதலாளியின் மைத்துனர் கொடுத்த சரக்கையும் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் அவரையே திருப்பி அனுப்பினார்கள். அதே கம்பெனியில் பஸ் ஓட்டிய நல்லுசாமி, பஸ்ஸை காண்ட்ராக்டுக்கு விட்டதும் அவரோடு வந்து சேர்ந்துகொண்டார். இருவரும் இதுவரை துப்பறிந்ததில் முக்கால்வாசி, மாப்பிள்ளை நிஜமாகவே பெங்களூரில் வேலை பார்க்கிறாரா என்பதுதான். பெரும்பாலும் இல்லை.

"கேமராவுல இருந்த மெமரி கார்டைக் காணோம்ங்க" என்றார் பூவம்மாள். அறுபதை நெருங்கும் வயது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கேமரா?" என்றார் தேவமணி.

"அது இருக்குது."

"லென்ஸ்?"

"இருக்குது. பையும் இருக்குது. பைக்குள்ள வெச்சிருந்த முறுக்கு பொட்டலங்கூட அப்படியே இருக்குது."

"முறுக்கைத் தொடாம போயிருக்கானா?" என்றார் நல்லுசாமி. "அப்ப நம்ம ஆபீஸ் ஆளுங்க யாருமில்லீங்க மேடம். என் பேரை இப்பவே லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"ஒரு வாரமா சொன்னேன். புதுசா ஒண்ணு வாங்கிக்குங்கம்மான்னு அனுப்பிட்டாங்க."

பூவம்மாள் சிப்காட்டில் ஒரு மோட்டார் கம்பெனி கேண்டீனில் இருபத்துநாலு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு தளி ரோட்டுப் பக்கம் தன் வீட்டுக் கொல்லையில் வரும் பறவைகளைப் படம் எடுக்க ஆரம்பித்தார். அதே கம்பெனியின் பழைய, புதிய ஆட்கள் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து 'கொல்லைப்புறச் சிறகுகள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அட்மின், கம்பெனியின் ஸ்டோர்ஸ் மேனேஜர் கமலக்கண்ணன். பறவைகளுக்கே ஒழுக்கம் கற்றுக்கொடுக்கக்கூடிய மனிதர்.

"குழுவுல பதினோரு ரூல் போட்டிருக்காரு. நாலாவது ரூலு, காக்கா படம் போடக் கூடாது. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை எங்க வேப்ப மரத்துல ஒரு காக்கா கூடு கட்டுச்சு. நூறு படத்துக்கு மேல எடுத்தேன். ஆசையில ஒண்ணை மட்டும், கேமரா ஸ்கிரீனையே போன்ல படம் புடிச்சுப் போட்டேன். நாலே நிமிஷம். அழிச்சிட்டாரு."

"அந்த நாலு நிமிஷத்துல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

பூவம்மாள் தயங்கினார். "ஒரே ஒருத்தன். பென்சன்னு ஒரு தம்பி. 'அக்கா, இதோட ஒரிஜினல் வேணும்'னு கேட்டான்."

காக்கா படத்துக்கு ஒரிஜினல் கேட்டவன் என்றதும் தேவமணி பேப்பரை மடித்து வைத்தார்.

பென்சன் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். நான்கு மாதத்துக்கு முன் ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. பென்சன்தான் எடுத்தார் என்று வழக்கு. சஸ்பெண்ட் ஆகி ஜாமீனில் இருக்கிறார். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

"மறுநாள் ஞாயித்துக்கிழமை காலையில கமலக்கண்ணன் சாரும் இன்னும் ரெண்டு பேரும் எங்க வீட்டுக்குப் பறவை பார்க்க வந்தாங்க. எட்டு மணிக்குப் போயிட்டாங்க. ஒன்பது மணிக்கு பென்சன் வந்தான். காபி போட உள்ள போனேன். வந்து பார்த்தா ஆளைக் காணோம். திங்கக்கிழமை கேமராவைத் தொறந்தா கார்டைக் காணோம்."

"அவர்தான் எடுத்தார்னு நினைக்கறீங்களா?"

"அவன் எடுத்திருக்க மாட்டான்ங்க" என்ற பூவம்மாள், கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "ஆனா அவன்தான் எடுத்திருக்கணும்" என்றார்.

அவர் போனில் அந்தப் படம் மிச்சம் இருந்தது. படத்துக்குள் படம் என்பதால் காக்காயே மங்கலாகத்தான் தெரிந்தது. அலகில் பச்சையாக ஏதோ ஒரு கொடி, சுருள் சுருளாகத் தொங்கியது. தேவமணி மேசை டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்துப் போன் திரையின் மேல் வைத்தார்.

"உங்க கொல்லையில என்ன கொடி இருக்கு?"

"கொடியே இல்லீங்க."

"மூணு சுருள் இருக்கு. மூணும் ஒரே அளவு" என்றார் தேவமணி. "செடியில வளர்ற கொடி இப்படிச் சுருளாது. இயற்கைக்கு இவ்வளவு குவாலிட்டி கண்ட்ரோல் கிடையாது."

நல்லுசாமி பன்னைக் கீழே வைத்தார். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

பூவம்மாளின் கொல்லை அரை கிரவுண்டுகூட இருக்காது. ஒரு கொய்யா, ஒரு முருங்கை, சுவரோரம் அந்த வேப்ப மரம். தரையில் பள்ளம் பள்ளமாக உள்ள பழைய எவர்சில்வர் கேண்டீன் தட்டுகள் நான்கு. கம்பெனி கழித்துக் கட்டியபோது கேட்டு வாங்கி வந்தவை. அவற்றில்தான் பறவைகளுக்குத் தண்ணீர். சாம்பார்ப் பள்ளத்தில் ஒரு கொண்டைக்குருவி குளித்துக்கொண்டிருந்தது. பொரியல் பள்ளத்தில் தவிட்டுக்குருவிகள் மூன்று தள்ளுமுள்ளு செய்தன. சோற்றுப் பள்ளம் முழுவதையும் ஒரு மைனா தனக்கே வைத்துக்கொண்டது.

"நம்ம செகண்ட் ஷிஃப்டு கேண்டீனைவிட இங்க ஒழுங்கு அதிகமுங்க" என்றார் நல்லுசாமி.

"அந்தச் சனிக்கிழமை இன்னொரு பறவையும் வந்துச்சு" என்றார் பூவம்மாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "உடம்பு கையளவு. வால் ஒரு அடி, வெள்ளை ரிப்பன் மாதிரி. அரசவால் ஈப்பிடிப்பான். ஆறு வருஷமா தட்டு வெச்சுக் காத்திருந்தேன், ஒரே ஒரு வாட்டி வந்து குளிச்சுது. குழுவுல அப்புறமா போடலாம்னு யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தேன். அதுவும் அந்தக் கார்டோட போச்சு."

வேப்ப மரத்தின் நடுக்கிளையில் கூடு தெரிந்தது. அதற்கு நேர் பின்னால் மதிலுக்கு அப்பால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். கதவு திறந்து கிடந்தது. தேவமணி எட்டிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபம் போல அப்பழுக்கில்லாமல் பெருக்கியிருந்தது. பூட்டிய ஷெட்டைக் காலி செய்கிறவர்கள் உண்டு. காலி செய்த ஷெட்டைப் பெருக்குகிறவர்கள் குறைவு.

எதிர் டீக்கடையில் நல்லுசாமி கன்னடத்தில் கேட்டார். கடைக்கார அம்மா தெலுங்கில் பதில் சொன்னார். காசு கொடுக்கும்போது இருவரும் தமிழுக்கு வந்தார்கள். விஷயம் இவ்வளவுதான். ஷெட்டை வாடகைக்கு எடுத்தவரை யாரும் பார்த்ததில்லை. பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மினி லாரி வந்து சாக்கு மூட்டைகளை ஏற்றிப் போனது.

"காக்கா படம் போட்ட அதே சனிக்கிழமை" என்றார் தேவமணி.

பென்சன் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு லைன் வீட்டில் மூன்றாவது கதவு. நாகர்கோவில் பக்கத்து ஆள். முப்பத்தைந்து வயதுக்கு நாற்பத்தைந்து தெரிந்தது. மனைவி ரூபி, கார்மென்ட்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே நின்றார்.

"ஒரிஜினல் கேட்டது நான்தான்" என்றார் பென்சன். "மறைக்கதுக்கு ஒண்ணுமில்ல. எங்க ஸ்டோர்ல எக்ஸ்போர்ட் மோட்டாருக்குன்னு பச்ச வார்னிஷ் பூசின செம்புக் கம்பி வரும். இந்தப் பக்கத்துல வேற யாருக்கும் கெடையாது. காக்கா வாயில பாத்த ஒடனே அதேதான்னு தோணிச்சு. நெறம் சரியா தெரியல. அதுக்குத்தான் கேட்டேன்."

"காபி குடிக்காம ஏன் போனீங்க?"

"அக்கா உள்ள போனதும் மதில்ல ஏறிப் பாத்தேன். ஷெட்டு காலி. நேரா ஸ்டேஷனுக்கு ஓடுனேன். காக்கா கூட்டுல சாட்சி இருக்குன்னேன். ரெண்டு நாளா அதச் சொல்லியே சிரிச்சாவ. காக்காவக் கூட்டிட்டு வா, வாக்குமூலம் வாங்கலாம்னு சொன்னாவ."

"கார்டை எடுத்தீங்களா?"

"கார்டு இருந்தா நான் ஏன் மேடம் மதில்ல ஏறணும்?"

தேவமணிக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. அளந்து பார்த்தால் பிசகில்லாமல் இருந்தது.

வாசல்வரை கூட வந்த ரூபி தாழ்ந்த குரலில் சொன்னார். "எங்க பையன் ஒண்ணாங்கிளாஸ். அப்பா தினமும் ஸ்டேஷனுக்குப் போறதால போலீஸ்ல வேல பாக்காருன்னு ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்கான். ஒரு பிள்ளையோட அப்பாவுக்கு உண்மை தெரியும். எப்ப சொல்லுவாரோன்னு இருக்கு."

பஜாரைத் தாண்டும்வரை நல்லுசாமி ஜோக் அடிக்கவில்லை. பிறகு அவரால் முடியவில்லை.

"அப்ப யாருங்க மேடம்? நாப்பத்து மூணு பேரையும் வரிசையா நிக்க வெச்சு முறுக்கு கொடுத்துப் பார்க்கலாமா?"

"தேவையில்ல. அந்தப் படம் நாலு நிமிஷம்தான் இருந்துச்சு. அதுக்குள்ள அதை ஒழுங்கா பார்த்தவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் ஒரிஜினல் கேட்டாரு. இன்னொருத்தர் அழிச்சாரு."

"அது நாலாவது ரூலுங்களே."

"ரூல் இருக்குதுன்னா எவ்வளவு வசதி, பார்த்தீங்களா அண்ணே? பயந்து அழிச்சாக்கூட கௌரவத்துக்கு அழிச்ச மாதிரியே இருக்கும்."

கமலக்கண்ணன் வீட்டின் வரவேற்பறையில் சுவரே தெரியவில்லை. பஞ்சுருட்டான், மீன்கொத்தி, பூநாரை எல்லாம் சட்டத்துக்குள் அடங்கி ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தன. மேசையில் தண்ணீர்க் குழாய் அளவுக்கு ஒரு லென்ஸ். அன்று விடுப்பில் இருந்த கமலக்கண்ணன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார். காட்டிலேயே வாழ்கிற மாதிரி பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி. வீட்டுக்குள் ஏ.சி. ஓடியது.

"பூவம்மாள் பாவம், நல்ல பொம்பளை" என்றார். "ஆனா காக்கா எடுக்கறதெல்லாம் போட்டோகிராஃபியே கிடையாதுங்க. அதுவா வந்து உட்காரும், அதுவா போஸ் கொடுக்கும். அதுல நம்ம உழைப்பு என்ன இருக்கு? கார்டை பென்சன்தான் எடுத்திருப்பான். திருடினவனுக்கு எதைத் திருடணும்னு கணக்கா இருக்கு?"

"நீங்க அதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்களா சார்?"

"டைம் எங்க இருக்கு? அந்த ஞாயித்துக்கிழமைதான் முதல் தடவை. மெம்பர்களை ஊக்கப்படுத்தணுமில்ல."

"நல்ல மனசுங்க" என்றார் நல்லுசாமி. "ஆறு வருஷமா டைம் இல்லாதவருக்கு, காக்கா படம் பார்த்த மறுநாளே ஊக்கம் பொத்துக்கிட்டு வந்திருக்குது."

கமலக்கண்ணன் அதைக் காதில் வாங்காமல், தேவமணி பக்கம் லேப்டாப்பைத் திருப்பினார். "உழைப்புன்னா இதுங்க. போன வாரம் எடுத்தது. அகில இந்தியப் போட்டிக்கு அனுப்பியிருக்கேன். முதல் சுற்று தாண்டியாச்சு."

திரையில் ஒரு பறவை தண்ணீரில் சிறகடித்தது. துளிகள் கண்ணாடி மணிகளாகச் சிதறி நின்றன. கறுத்த கொண்டை, வெள்ளை உடம்பு, ஒரு அடி நீளத்துக்கு ரிப்பன் வால்.

தேவமணியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "எங்க எடுத்தீங்க சார்?"

"பாரூர் ஏரிக் கால்வாய் ஓரம். விடியக்காலையில போய் மூணு மணி நேரம் சேத்துல படுத்துக் கிடந்தேன். உடம்பெல்லாம் அட்டை. பொறுமை வேணுங்க."

"அழகா இருக்கு" என்றார் தேவமணி. "அண்ணே, நீங்களும் பாருங்க."

நல்லுசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். படத்தின் ஓரங்களை நன்றாகவே வெட்டியிருந்தார்கள். ஆனால் பறவையின் வால் நீளம். வாலை வெட்டினால் படமே இல்லை. வால் முடிந்த இடத்தில், தண்ணீர் ஒரு சின்ன மூலையில் போய் முட்டி நின்றது. மூலைக்கு மேலே பளபளவென்று ஒரு விளிம்பு.

"நான் பாரூர்ல பொண்ணு எடுத்தவனுங்க" என்றார் நல்லுசாமி. "அந்த ஏரிக்கு எப்பங்க எவர்சில்வர்ல கரை கட்டினாங்க?"

கமலக்கண்ணனின் துணி லென்ஸ் மேல் நின்றுவிட்டது.

"அது... பாறை. வெயில் பட்டு மின்னுது."

"பாறை இல்லீங்க. சாம்பார்க் குழி. பதினெட்டு வருஷம் இதே மாதிரிக் குழியிலதான் ஊத்தித் தின்னேன். எங்க அம்மா முகத்தைவிட இது எனக்கு நல்லா தெரியும்."

"நீங்க ரெண்டு பேரும் கிளம்பலாம்" என்று எழுந்தார் கமலக்கண்ணன்.

தேவமணி எழவில்லை. "கார்டை எடுத்தது கம்பி தெரிஞ்ச படத்துக்காக. அதோட அதை உடைச்சுப் போட்டிருந்தா நாங்க இங்க வந்திருக்கவே மாட்டோம். ஆனா உள்ள இந்தப் பறவை இருந்துச்சு. இத்தனை வருஷமா நீங்க தேடின பறவை, கேண்டீன் நடத்தின அம்மா வீட்டுத் தட்டுல குளிச்சிருக்கு. மனசு கேக்கல, இல்லையா சார்?"

"ஆதாரம் இல்லாம பேசாதீங்க."

"பெரிய போட்டியில எல்லாம் இறுதிச் சுற்றுக்குப் போனா ஒரிஜினல் ஃபைல் கேட்பாங்க. அதனால கார்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்க."

கமலக்கண்ணனின் கண், மேசையின் இரண்டாவது டிராயரை ஒரே ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பியது. பறவைகளை அவ்வளவு கவனித்தவர், தன்னை யாராவது கவனிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

தேவமணி போன் போட்டதும் இன்ஸ்பெக்டர் சுப்ரியா அரை மணி நேரத்தில் வந்தார். டிராயரில் ஒரு சாமி படத்துக்கு அடியில் கார்டு இருந்தது. அதில் காக்கா படங்கள் நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றில் காக்கா, ஷெட்டின் கூரை இடுக்கிலிருந்து பச்சைக் கம்பியை இழுப்பது சூரிய வெளிச்சத்தில் துல்லியமாக இருந்தது. ஷெட் கமலக்கண்ணனின் மச்சான் பெயரில் இருப்பது சாயங்காலத்துக்குள் தெரிந்தது. தன் ஸ்டோரில் தானே திருடிவிட்டு, கிளார்க் பெயரில் புகாரும் தானே எழுதியிருக்கிறார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

"சரக்கு கைமாறிடுச்சு. மச்சான் தலைமறைவு. ஷெட்டுல ஒரு துரும்பு இல்ல" என்றார் சுப்ரியா, மறுநாள் காலை, பென்சனும் ரூபியும் பக்கத்தில் நிற்க, வேப்ப மரத்தடியில் நின்றபடி. "வெறும் படத்தை வெச்சுக்கிட்டு கோர்ட்ல நின்னா, அது கொடின்னு சொல்லிருவாங்க. கம்பி வேணும். ஒரு துண்டு பத்தாது, கடையில வாங்கினதும்பாங்க. முழுக் கூடும் வேணும். லேப்ல கொடுத்து, கம்பெனி சரக்குதான்னு எழுதி வாங்கிட்டா பென்சன் பேரை எடுத்துரலாம்."

நல்லுசாமி ஏணி வைத்து ஏறினார். ஏறும்போது தைரியமாக இருந்தார். காக்கா அவர் வழுக்கையில் நான்கு முறை கொத்தியது. இறங்கும்போது தலையில் துண்டு இருந்தது, தைரியம் இல்லை.

"கூடு பூராவும் பச்சைக் கம்பிதாங்க. மோட்டார் ஒண்ணே சுத்தலாம்" என்றார். "ஆனா உள்ள அஞ்சு முட்டை இருக்குது. நாலு ஒரு சைஸு, ஒண்ணு மட்டும் சின்னது."

"குயில் முட்டை" என்றார் பூவம்மாள்.

"அங்கயும் ஒருத்தர் தன் வேலையை அடுத்தவன் தலையில கட்டிட்டுப் போயிருக்காருங்க."

யாரும் சிரிக்கவில்லை. சுப்ரியா பென்சனைப் பார்த்தார். "கூட்டை இன்னைக்கே இறக்கிட்டா, இந்த மாசமே முடிச்சிரலாம். இல்லேன்னா குஞ்சு பறக்கற வரைக்கும் நீங்க தினமும் வந்து கையெழுத்துப் போடணும். கண்டிஷனை மாத்தறதுக்கு என்கிட்ட இப்போதைக்கு வேற ஒண்ணும் இல்ல."

"எத்தன நாள் ஆவும் அக்கா?" என்று கேட்டார் பென்சன்.

"நாப்பது, நாப்பத்தஞ்சு நாள்" என்ற பூவம்மாள், இறக்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

பென்சன் அண்ணாந்து பார்த்தார். காக்கா கிளையில் கழுத்தைச் சாய்த்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தது. ரூபி பக்கம் திரும்பினார். ரூபி வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"எறக்க வேண்டாம் மேடம்" என்றார் பென்சன். "அது எடுக்கும்போது யாரு சாமான்னு அதுக்குத் தெரியாதுல்லா. மூணு மாசம் போட்டாச்சு. இன்னும் நாப்பது கையெழுத்துதான."

சுப்ரியா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "மேல இருந்து கேட்டா நான் ஃபைல்ல என்ன எழுதறது?"

"முக்கிய சாட்சி அடைகாத்துக்கிட்டு இருக்குன்னு எழுதுங்க" என்றார் தேவமணி.

ஜூன் முதல் வாரம் கூடு இறங்கியது, ஆய்வுக்கூடம் அது கம்பெனி சரக்குதான் என்று எழுதிக்கொடுத்தது, பென்சன் பெயர் வழக்கிலிருந்து நீங்கியது எல்லாம் பிறகு நடந்தவை.

கூட்டை விட்டுவைத்த மறுநாள் காலை நடந்தது இவ்வளவுதான். பத்து மணிக்கு பென்சன் ஸ்டேஷனுக்குப் போனார். தொண்ணூற்றுச் சொச்சம் நாளாக நின்றுகொண்டே கையெழுத்துப் போட்ட மேசைக்கு முன்னால், ஏட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பென்சன் உட்காரலாமா என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு, உட்கார்ந்தார்.